அண்ணாச்சியின் கப்பலும் ஓர் உகரமும்

பெருங்குடியில் ஒலிப்பதிவு கற்றுத்தரும் கூடம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய அறை, ஆளுக்கொரு கணினி. ஒரு பெண் பொத்தானை அமுக்கினாள், கடல் இரைந்தது. இன்னொன்றை அமுக்கினாள், பாய்மரத் துணி படபடத்தது. "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் எடுத்தீங்க?" என்று கேட்டாள். "அந்தச் சத்தத்துக்காகப் போன இடத்தில் ஒரு கப்பலையே தொலைத்துவிட்டு வந்தோம் அம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று எண்ணிக்கொண்டார்கள் போலிருக்கிறது. சிரித்த பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் மேற்கு மாம்பலத்துக்காரன். ரேடியோப் பெட்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தவனை, தெரிந்தவர் ஒருவர் அடையாறில் இருந்த ஒரு ஸ்டூடியோவின் ஒலிப்பதிவுப் பிரிவில் சேர்த்துவிட்டார். அறுபதுகளின் கடைசி அது. நடிகைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் போனேன். முதல் வருஷம் முழுக்கக் கேபிள் சுற்றினேன். இரண்டாம் வருஷம் மைக்கைத் தூக்கிப் பிடித்தேன். நடிகைகள் கிட்டத்தில்தான் இருந்தார்கள், ஆனால் மைக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கே கண் சரியாகப் போயிற்று.

எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர் சேஷாத்ரி சார். மயிலாப்பூர்க்காரர். ஒல்லியான மனிதர், காது மட்டும் கொஞ்சம் தாராளம். வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருப்பார். கண்டக்டர் கத்துவதைக் கேட்டுக் காதை வீணாக்கக் கூடாதாம். ஸ்டூடியோ வாசலில் பஞ்சை எடுத்துப் பொடி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். பதிவு நாளன்று அப்பளம், முறுக்கு தொடமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் சுண்டு விரலை மட்டும் தூக்குவார், நமக்கு உயிர் போய்விடும்.

ஒரு தடவை, மகளைப் பிரிந்து தகப்பன் அழும் காட்சி. படப்பிடிப்பு ஃப்ளோரே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. சேஷாத்ரி சாரின் சுண்டு விரல் மேலே போயிற்று. "யாருக்கோ வயிறு கத்தறது. அப்பா வேஷம் போட்டிருக்கறவருக்கு ரெண்டு இட்லி குடுங்கோ. அப்புறம் அழட்டும்" என்றார். விசாரித்தால் மனிதர் காலையிலிருந்து பட்டினி. இட்லி வந்தது, அழுகையும் பிரமாதமாக வந்தது.

வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. போய் இறங்கியதும் விரலை எச்சிலால் நனைத்துத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். பேசுகிறவனுக்குக் காற்று முதுகில் படவேண்டும். அப்போது காற்றே குரலைச் சுமந்துகொண்டு வந்து மைக்கில் போடும். பேசுகிறவன் முகத்தில் காற்று அடித்தால் போச்சு, சொல்லின் கடைசி எழுத்தை அது தின்றுவிடும். "காத்துக்கு மரியாதை குடு ஏகாம்பரம். அது நம்ம ஸ்டாஃப் மாதிரி" என்பார். இந்த விஷயத்தில் அவர் ஒரு நாளும் பிசகியதில்லை. ஒரே ஒரு நாள் பிசகினார். அதற்குத்தான் வருகிறேன்.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்னையா அண்ணாச்சிக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டுச் செழித்தவர். கடல் கொள்ளைக்காரன் கதை. கொள்ளைக்காரன் என்றால் கப்பல் வேண்டாமா? பழைய வெள்ளைக்காரப் பாய்மரக் கப்பல் ஒன்றை அச்சாக அப்படியே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. யாரும் அப்படிப்பட்ட கப்பலைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு தீப்பெட்டிப் படம்தான் ஆதாரம்.

துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஒரு சரக்குத் தோணியை வாங்கி, அதன் மேல் பலகையும் சாக்கும் கான்வாஸும் வைத்துக் கப்பலை எழுப்பினார்கள். மூன்று பாய்மரம், காகிதக் கூழில் பீரங்கிகள், வைக்கோல் திணித்த மாலுமிகள். தீப்பெட்டியில் கப்பலின் முகப்பில் ஒரு கடற்கன்னி இருந்தாள். அதையும் மரத்தில் செதுக்கி வைத்தார்கள். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னய்யா இது? பொம்பளப் புள்ள சேலை கெட்டாம நிக்கி. நம்ம கடையில துணிக்கா பஞ்சம்?" அன்று மாலையே கடையிலிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலை வந்தது. உலகத்திலேயே பட்டுச் சேலை கட்டிய கடற்கன்னி எங்கள் கப்பலில்தான் இருந்தாள்.

இன்னொரு விசேஷம், கப்பலுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. கேமரா கரையில் நிற்பதால் கரையைப் பார்த்த பக்கத்தை மட்டும் கட்டினார்கள். கடலைப் பார்த்த பக்கம் வெறும் மூங்கிலும் கயிறும், நடுவே தச்சு வேலைக்காரர் கன்னியப்பன் காயப்போட்ட லுங்கியும். கப்பல் திரும்பினால் மானம் போய்விடும் என்பதால், முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு என்று இரண்டு நங்கூரம் போட்டு எலியட்ஸ் கடற்கரைக்கு எதிரே அசையாமல் நிறுத்தினார்கள்.

கன்னியப்பன் சைதாப்பேட்டைக்காரர். ஸ்டூடியோவில் அரண்மனையும் குடிசையும் ஜெயிலும் கட்டுகிறவர். கப்பலையும் அவர்தான் ஆட்களை வைத்துக் கட்டினார். பீரங்கி வாயில் புகை போடுவதற்காகப் படப்பிடிப்பு அன்றும் கப்பலில் அவர் ஒருவரே உயிருள்ள ஆள்.

ஆடி மாதம். ஆடித் தள்ளுபடி பழக்கத்துக்கு வராத காலம், ஜவுளிக்கடையில் கூட்டம் இல்லாததால் அண்ணாச்சிக்குப் படப்பிடிப்புப் பார்க்க நேரம் கிடைத்திருந்தது. படகோட்டி எல்லப்பன் தலையைச் சொறிந்தான். "ஆடிக் காத்து நைனா. கரையிலேர்ந்து கடலைப் பாத்து அடிக்கும். கயிறு வுட்டுதுன்னா கப்பல் நேரா பர்மாவுக்குத்தான்" என்றான். புரொடக்‌ஷன் மானேஜர் வரதன் அவனை அதட்டி உட்காரவைத்தார். அதே மூச்சில் இன்னொரு உத்தரவும் போட்டார்: கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு படகும் போகக்கூடாது, கேமராவில் விழும்.

சேஷாத்ரி சாருக்கோ நிஜமான பாய்மரச் சத்தம் வேண்டும். கான்வாஸ் காற்றில் புடைக்கும் ஓசை, மரம் முனகும் ஓசை. கரையிலிருந்து எடுத்தால் கரைதான் கேட்கும். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கப்பலுக்கு அந்தப் பக்கம், லுங்கி தொங்கறது பாரு, அதுக்குக் கீழே படகைப் போட்டுண்டு ஒக்காந்துடு. யார் கண்ணுலயும் படமாட்டே. வரதனுக்குத் தெரிய வேண்டாம்."

"சார், எனக்கு நீச்சல் தெரியாது."

"ஒன்னை நீச்சலா எடுக்கச் சொன்னேன்? சத்தம் எடுக்கச் சொன்னேன்."

எல்லப்பன் காதும் காதும் வைத்தாற்போல் என்னைப் படகில் கொண்டுபோய், கப்பலின் கடல் பக்கத்தில், பின்கோடியை ஒட்டிக் கல் நங்கூரம் போட்டு நிறுத்தினான். பிறகு முன் நங்கூரத்தைப் பார்த்துவர ஒரு கட்டுமரத்தில் ஏறிக் கரைப் பக்கமாகப் போய்விட்டான். நான் தனியாக மடியில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாம்பலத்து வயிறு தன் குணத்தைக் காட்டியது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, படகின் விளிம்பில் கவிழ்ந்து குடலையே வெளியே கொண்டுவரும் காரியத்தில் இறங்கினேன். டேப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படகு திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. எங்கோ யாரோ கத்தினார்கள். மேலே இரண்டு மூன்று வெட்டு விழுந்தது. படகு துள்ளி நிமிர்ந்தது. அடுத்த நொடி கன்னியப்பன் கையில் கோடாலியோடு என் படகுக்குள் குதித்தார். என்னைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னார். தலையைத் தூக்கினால் எதிரே கப்பலைக் காணோம்.

கரையில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன் கயிறு அறுந்து கப்பல் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்ததும் டைரக்டர் பூரித்துப்போனாராம். "ஆஹா, என்ன இயற்கையா அசையுது பாருங்க. ஓடட்டும், கேமரா ஓடட்டும்" என்றாராம். கப்பல் முழுதாகத் திரும்பி மூங்கிலையும் லுங்கியையும் காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஆடிக் காற்றில் பாய்கள் புடைக்க, வைக்கோல் மாலுமிகள் விறைப்பாக நிற்க, கப்பல் கிழக்கே போயிற்று. துரத்திப் போன படகுகள் பாதி வழியில் திரும்பிவிட்டன. சாயங்காலம் அடிவானத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து முழுகியதைப் பார்த்ததாக, மீன்பிடித்துத் திரும்பியவர்கள் சொன்னார்கள். கடற்கன்னி மட்டும் கோவளம் பக்கம் சேலையோடு கரை ஒதுங்கினாள். அங்கே யாரோ அவளுக்குக் குங்குமம் வைத்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி.

சிரிப்பு இதோடு சரி. மறுநாள் வரதன் அண்ணாச்சியிடம் ஒரு கதை சொன்னார். பின் கயிறு தானாக அறுபடவில்லை, கன்னியப்பன் கோடாலியால் வெட்டினார், கரையிலிருந்த எத்தனையோ பேர் பார்த்தார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் காசு கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறான் என்பது அவர் கட்சி. எல்லப்பனை ஃப்ளோருக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "பின் கயிறு முளையிலேர்ந்து வழுவிக்கினு இருந்துச்சு. நான் இந்தாண்டேர்ந்து 'கட்டு, கட்டு'ன்னு கத்தினேன். அந்தாளு வெட்டிட்டான்" என்றான். என்னைப் படகில் கொண்டுபோன கதையை அவன் சொல்லவில்லை. சொன்னால் அவன் பிழைப்பும் போகும். கரை முழுக்க அமளியில் இருந்ததால், நான் எப்போது படகில் ஏறினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரதனின் தடையை மீறிப் போனவன் என்ற பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

கன்னியப்பன் ஒரே பதில்தான் சொன்னார். "எனக்குக் 'கட்'னு கேட்டுச்சு சார். வெட்டினேன்."

அதை யார் நம்புவார்கள்? போலீசில் பிடித்துக் கொடுப்பது, அதற்கு முன் யூனியன் அட்டையைப் பறிப்பது என்று வரதன் முடிவே கட்டிவிட்டார். அட்டை போனால் எந்த ஸ்டூடியோ வாசலிலும் கன்னியப்பனை விடமாட்டார்கள். ஆணி அடிப்பதைத் தவிர அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. அவர் ஃப்ளோர் மூலையில் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, உளியால் நகம் சுரண்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் சேஷாத்ரி சார் எழுந்தார். கப்பல் போனதிலிருந்து அவர் பதிவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தார். என் டேப் என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "காத்துதான் விழுந்திருக்கு" என்று சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம். பள்ளிக்கூடத்துல குற்றியலுகரம்னு படிச்சிருப்பேளே. 'கட்டு'ங்கறதுல கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான். கண்ணை இமைச்சா போயிடும். காத்துல அது போயிடுத்துன்னா 'கட்'. சினிமாக்காரன் காது நாள் பூரா அந்த வார்த்தைக்குத்தான் காத்துண்டிருக்கு. கேட்டதும் கை தானா வேலை செய்யும். வேணும்னா சோதிச்சுப் பார்த்துடலாம்."

ஸ்டூடியோவில் புயல் காட்சிக்கென்று ஒரு ராட்சத ஃபேன் இருந்தது. பழைய ஆகாய விமானத்தின் விசிறியை மோட்டாரில் பூட்டியது. அதைக் கொண்டுவரச் செய்தார். வரதனை ஃபேனுக்கு முன்னால் நிற்கவைத்து உடைப் பிரிவிலிருந்து பெரிய கத்தரிக்கோலை வாங்கிக் கையில் கொடுத்தார். அண்ணாச்சியை ஃப்ளோரின் மறுகோடிக்கு அனுப்பினார். போகும்போது அவர் தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு கம்பத்தில் தொங்கவிட்டு, நுனியை வரதன் இடது கையில் திணித்தார்.

"அங்கவஸ்திரம் எதுக்குய்யா? கயிறு இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"ஒசந்த சாமானா இருந்தாத்தான் அவர் ஜாக்கிரதையாக் கேப்பார். நீங்கோ 'கட்டு'ன்னாலும் சொல்லலாம், 'கட்'னாலும் சொல்லலாம். உங்க இஷ்டம். சொன்னபடி அவர் செய்யணும்."

"சரி. கெட்டு."

"கெட்டு இல்லை அண்ணாச்சி. எல்லப்பன் சொன்ன மாதிரி, கட்டு."

"கட்டுலே."

"அந்த லேயும் வேண்டாம்."

அண்ணாச்சி தனக்குள் நாலைந்து முறை சொல்லிப் பழகிக்கொண்டார். ஃபேன் கிளம்பியது. ஃப்ளோரில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. வரதன் உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிர்க் கோடியையே பார்த்து நின்றார். இவர்கள் நம்மைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள், ஏமாறக்கூடாது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அண்ணாச்சி வயிற்றை எக்கி, கைகளை வாய்க்குக் குவித்து, கத்தினார்.

வரதன் ஒரே வெட்டாக வெட்டினார்.

ஃபேனை நிறுத்தினார்கள். அண்ணாச்சி ஓட்டமும் நடையுமாக வந்து, பாதி அங்கவஸ்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏல, என் சொந்தப் பட்டையா நானே வெட்டச் சொல்லுவேன்? கட்டுன்னுல்லா சொன்னேன்."

"கட்னுதான் அண்ணாச்சி கேட்டுச்சு. சத்தியமா" என்றார் வரதன்.

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். பிறகு அட்டை விஷயமாக வந்திருந்த யூனியன் செயலாளர், பிறகு லைட்காரர்கள். "கூரைக்குள்ள நின்ன ஒனக்கே கேக்கல. நடுக்கடல்ல நின்னவனை என்னத்தைச் சொல்ல. போ, எல்லாரும் வேலையப் பாருங்க" என்று சொல்லி அண்ணாச்சி விஷயத்தை முடித்துவிட்டார். கன்னியப்பன் எழுந்து, சேஷாத்ரி சாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடிக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. எல்லப்பன் கரைப் பக்கம் இருந்தான். அவன் முதுகில் காற்று. அவன் குரலைக் காற்றே சுமந்துபோய்க் கப்பலில் போட்டிருக்கும், உகரம் சிந்தாமல். இங்கேயோ ஃபேன் வரதன் முதுகுப் பக்கம் நின்று அண்ணாச்சியின் முகத்தில் அடித்தது. என் குரு காற்றைத் தலைகீழாக வைத்துவிட்டார். வயதாகிவிட்டதோ என்று கவலைப்பட்டேன்.

சாயங்காலம் பதிவு அறையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார், ஃபேனை எதிர்ப்பக்கமா வெச்சிட்டீங்களே?"

"பரவாயில்லையே. கேபிள் சுத்தினது வீண் போகலை" என்றவர், கதவைத் தாழிட்டுவிட்டு என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். டேப் ஓடியது. அலை. கான்வாஸ் புடைக்கும் சத்தம். அப்புறம் மனிதக் குரலா மாட்டுக் குரலா என்று சொல்ல முடியாத ஓர் ஓங்கரிப்பு. அது நான்தான். அதற்கு மேல் கயிறு ஒன்று மரத்தில் இறுகி நெறுநெறுக்கும் ஓசை, மிகக் கிட்டத்தில். தூரத்திலிருந்து எல்லப்பன் குரல்: "கட்டு, கட்டு." உகரம் முழுசாக, மணி அடித்தாற்போல் இருந்தது. உடனே தலைக்கு மேலிருந்து கன்னியப்பனின் குரல்: "யோவ், கீழ சவுண்டு தம்பி கீறான்யா. கயிறு படகை அமுக்கிக்கினு கீது." பிறகு கோடாலி.

கப்பல் திரும்பியபோது பின் கயிறு விறைத்துக்கொண்டு என் படகின் குறுக்கே விழுந்து அமுக்கியிருக்கிறது. கயிற்றைக் கட்டினால் கப்பல் நிற்கும், நான் கடலுக்குள் போவேன். வெட்டினால் கப்பல் போகும். அவ்வளவுதான் கணக்கு. நான் அந்தப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அங்கே ஒன்னை அனுப்பினது நான்" என்றார் சேஷாத்ரி சார். "இந்த டேப் வெளியில போனா, உசிரைக் காப்பாத்தினான்னு யாரும் பார்க்கமாட்டா, கேட்டுண்டே வெட்டினான்னு அவனுக்குத் தண்டனை. ஒனக்கு வேலை போகும். நான் என் வேலையை விட்டுடலாம், அது பெரிசில்லை. அவன் அட்டை திரும்பி வராதே." டேப்பை மெஷினில் மாட்டித் தன் கையாலேயே அழித்தார். அந்தப் படத்தில் நீங்கள் கேட்ட கடல், முறத்தில் பச்சைப் பயறைப் போட்டு நான் உருட்டியது.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு எதிரே டீக்கடையில் கன்னியப்பனைப் பிடித்தேன். இரண்டாவது கப்பலுக்கு மரம் வந்து இறங்கியிருந்தது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே சொல்லல? போலீசு வரைக்கும் போக இருந்ததே."

"இன்னான்னு சொல்றது? நீ அங்க இன்னாத்துக்குப் போனேன்னு கேப்பாங்கோ. வேலைக்கு இப்பத்தான் வந்து கீற."

"எவ்வளவு பெரிய கப்பல் அண்ணே அது. நீங்க கட்டினது."

"அத்தான் சொல்றேன். கப்பல் நான் அடிச்சது, வோணும்னா இன்னொண்ணு அடிச்சுக்குவேன். உன்ன மாதிரி ஒண்ண அடிக்க எனக்குத் தெரியாதே தம்பி."